சேஃப்டி சூவுக்கு சம்பளத்துல 95 வெள்ளி (ரிங்கிட்) வெட்டிட்டாங்க, இது சரியா?

3 பிப்ரவரி 2025, இரவு 9.20 – பிறை தங்கச்சி கேட்டது

பினாங்கு பிறையில ஒரு பேக்டரியில நவம்பர்ல சேந்தேன், மெட்டல் ஸ்டாம்பிங் லைன், தகட்ட மிஷின்ல அமுக்கி வெட்டுற வேலை. சேரும்போது சேஃப்டி சூ கொடுத்து ஒரு பாரத்துல கையெழுத்து வாங்குனாங்க, அவசரத்துல படிக்கல. ஜனவரி பேஸ்லிப்புல பார்த்தா சூன்னு போட்டு 95 வெள்ளி வெட்டியிருக்கு. எச்ஆர்ல கேட்டா எல்லாருக்கும் இப்படித்தான், கம்பெனி பாலிசின்னு சொல்றாங்க. லைன்ல இருக்குற சீனியர் அக்கா, பேசாம இரு, நீ இன்னும் ப்ரொபேஷன்லதான் இருக்கேங்குறாங்க. தெரிஞ்சவங்க யாராச்சும் சொல்லுங்க, வெட்டலாமா வெட்டக்கூடாதா?

பழைய ஸ்டோர்க்காரன் – 3 பிப்ரவரி, இரவு 11.10

வெட்டக்கூடாது. பாலிசியாவது மண்ணாவது.

நான் பட்டர்வொர்த் பக்கம் 19 வருஷம் பேக்டரி ஸ்டோர்ல இருந்தவன், சூ, கையுறை, காதடைப்பான் எல்லாம் என் கை வழியாத்தான் போகும், இப்ப வேற கம்பெனியில சேஃப்டி கோஆர்டினேட்டர். மலேசியாவுல 1994ல வந்த வேலையிட பாதுகாப்பு சட்டம், ஆக்ட் 514ம்பாங்க, அதுல செக்‌ஷன் 24ல தெளிவா இருக்கு, சட்டத்தின்படி கொடுக்குற எதுக்கும் முதலாளி தொழிலாளிகிட்ட காசு வாங்கக்கூடாதுன்னு. ஸ்டாம்பிங் லைனுக்கு சேஃப்டி சூ இல்லாம உள்ளயே விட மாட்டான், அப்ப அது வேலைக்கு வேண்டிய சாமான், உன் சொந்த சாமான் இல்ல. மிஷினுக்கு எண்ணெய் ஊத்துனதுக்கு உன் சம்பளத்துல வெட்டுவானா?

4 பிப்ரவரி, காலை 7.45

பசியாறிக்கிட்டே எழுதுறேன். ராத்திரி ஒருத்தர் தனியா கேட்டிருந்தார், "அந்தப் பொண்ணு கையெழுத்து போட்டுடுச்சே, இனி என்ன பண்ண முடியும்"னு. கையெழுத்து போட்டா போட்டதுதான், ஆனா சட்டம் கூடாதுன்னு சொன்ன ஒண்ண பாரத்துல எழுதி கையெழுத்து வாங்கிட்டா அது கூடும்னு ஆயிடாது. அதோட சம்பளத்துல எதை வெட்டலாம் எதை வெட்டக்கூடாதுங்குறதுக்கு 1955 வேலை சட்டம் தனியா இருக்கு, ஈபிஎஃப் (சேமநிதி), சொக்சோ (தொழிலாளர் காப்புறுதி) மாதிரி எழுதி வெச்சதுதான் வெட்டலாம், சிலதுக்கு தொழிலாளி எழுதிக் கேக்கணும், சிலதுக்கு லேபர் ஆபீஸ் அனுமதி வேணும். இஷ்டத்துக்கு ஒரு கோடு போட்டு 95னு எழுத முடியாது.

தங்கச்சி, மொதல்ல அந்த பேஸ்லிப்ப போன்ல படம் புடிச்சு வை. கையெழுத்து போட்ட பாரத்துல ஒரு காப்பி கேளு. கொடுக்கலன்னா, கேட்ட தேதிய எழுதி வெச்சுக்க.

4 பிப்ரவரி, மதியம் 1.05

தப்பு பண்ணிட்டேன் லா. நேத்து செக்‌ஷன் 24ன்னு எழுதினேன், அது 26. ஒரு நண்பர் சுட்டிக் காட்டினார், நன்றி.

ஏன் குழம்புச்சுன்னா 24 ரெண்டு இடத்துல இருக்கு. வேலை சட்டத்துல 24தான் சம்பளத்துல வெட்டுறத பத்தி சொல்றது. பாதுகாப்பு சட்டத்துல 24 தொழிலாளியோட கடமை, அதாவது கம்பெனி கொடுத்த பாதுகாப்பு சாமான எந்நேரமும் போட்டிருக்கணும்ங்குறது. அதுக்கு அபராதம் கூட உண்டு, முன்ன 1000 வெள்ளி, இப்ப 2000 வெள்ளி வரைக்கும், இல்ல 3 மாசம் ஜெயில், இல்ல ரெண்டும். எச்ஆர்கிட்ட போய் "செக்‌ஷன் 24"ன்னு சொல்லியிருந்தா "ஆமா அதான் நீ போடணும்"னு திருப்பி அடிச்சிருப்பான். நல்ல வேளை.

26ன்னு சொல்லு. இருபத்தி ஆறு.

5 பிப்ரவரி, இரவு 10.30

சூ பேச்சு வந்ததும் ஒரு பழைய கதை ஞாபகம் வருது. எங்க தவுக்கே, அதாவது முதலாளி, ஒரு தடவை வருஷக் கடைசியில மலிவா கிடைச்சுதுன்னு 300 ஜோடி மொத்தமா எடுத்துட்டார். ஸ்டோருக்கு தகரக் கூரை, மதியத்துல உள்ள நின்னா சட்டை நனைஞ்சுடும். அந்த சூவ நாலு வருஷமா கொஞ்சம் கொஞ்சமா எடுத்துக் கொடுத்துக்கிட்டிருந்தேன். ஒரு நாள் நேப்பாளத்து பையன் ஒருத்தன், பொட்டி பிரிக்காத புத்தம் புது சூ வாங்கி மாட்டிக்கிட்டு கேண்டீன் வரைக்கும்தான் போயிருப்பான், அடிப்பாகம் உதிர ஆரம்பிச்சுது. கிழியல, உதிருது. புட்டு மாதிரி. ஸ்டோர்லேர்ந்து கேண்டீன் வரைக்கும் கறுப்பு தூள் கோடு போட்ட மாதிரி கெடந்துச்சு, நான்தான் கூட்டி அள்ளினேன்.

பின்னாடிதான் தெரிஞ்சுது, அந்த மாதிரி சூவோட அடிப்பாகம் பாலியூரித்தேன், காத்துல இருக்குற ஈரம் அதை உள்ளுக்குள்ளயே அரிச்சுடும். போடாம பொட்டியில வெச்சிருந்தாலும் அரிக்கும், சூடும் ஈரமும் சேந்தா இன்னும் சீக்கிரம். நம்ம பினாங்கு காத்துக்கு சொல்லவா வேணும். நடந்து தேயுற சூவ விட அலமாரியில தூங்குற சூ மோசம். யாராச்சும் ஸ்டோர்ல இருந்தா பொட்டியில இருக்குற தயாரிப்பு மாசத்த பாருங்க, பழச முன்ன கொடுங்க, மூணு நாலு வருஷம் ஆனத கொடுக்குறதுக்கு முன்ன கட்டவிரலால அமுக்கிப் பாருங்க.

சிரிச்சுக்கிட்டே எழுதிட்டேன். இதுல சொல்லாம விட்டது ஒண்ணு இருக்கு, இன்னொரு நாள்.

6 பிப்ரவரி, இரவு 9.50

கோலாலம்பூர்ல அடுக்குமாடி கட்டுற சைட்ல வேலை செய்யுற தம்பி ஒருத்தர் கேட்டது: "அண்ணே, மெயின் கம்பெனி நீ எங்க ஆளு இல்ல, கொண்ட்ரேக்டர கேளுங்குறான். கொண்ட்ரேக்டர் சப்-கொண்ட்ரேக்டர காட்டுறான். ஹார்னஸ் (உயரத்துல விழுந்தா தாங்குற உடம்பு பெல்ட்) நான் என் காசுல வாங்கினேன்."

இந்த பந்து வெளையாட்டு எல்லா ஊர்லயும் உண்டு. சட்டத்துல செக்‌ஷன் 15 முதலாளியோட பொதுக் கடமை. முடிஞ்ச வரைக்கும் பாதுகாப்பான மிஷின், பாதுகாப்பான வேலை முறை, தகவல், பயிற்சி, மேற்பார்வை, இதெல்லாம் அவர் கொடுக்கணும். அதுலயே மூணாவது உட்பிரிவு, கொண்ட்ரேக்டரும் அவரோட ஆளுங்களும் கூட தொழிலாளி கணக்குதான், எந்த விஷயமெல்லாம் மெயின் கம்பெனி கட்டுப்பாட்டுல இருக்கோ அதுக்கெல்லாம்னு சொல்லுது. 2022ல திருத்தம் பண்ணி 2024 ஜூன் 1லேர்ந்து அமலுக்கு வந்தப்ப 18ஏன்னு ஒண்ணு சேத்தாங்க, வேலைய வெளிய கொடுக்குற பிரின்சிபலுக்குன்னே தனியா கடமை. அதனால "எங்க ஆளு இல்ல"ங்குற பதில் இப்ப முன்ன மாதிரி எடுபடாது. செக்‌ஷன் 15க்கு அபராதமும் 50,000 வெள்ளியிலேர்ந்து 500,000 வெள்ளி வரைக்கும் ஏறியிருக்கு, இல்ல 2 வருஷம் ஜெயில், இல்ல ரெண்டும்.

ஆனா தம்பி, நீ ஹார்னஸ் வாங்கினது சரி, எதுல மாட்டுற? மூணு மீட்டர் உயரத்துல நின்னுக்கிட்டு இடுப்பு உயர கம்பியில கொக்கிய மாட்டிட்டு "பாதுகாப்பா இருக்கேன்"னு நிக்கிற ஆளுங்கள நான் நெறைய பாத்துட்டேன். கணக்கு போட்டுப் பாரு. கயிறு 1.8 மீட்டர். விழுந்தா அதிர்ச்சிய வாங்குற அந்த மடிப்பு பை பிரிஞ்சு இன்னும் ஒரு மீட்டர் நீளும். முதுகு வளையத்துலேர்ந்து உன் கால் வரைக்கும் ஒண்ணரை மீட்டர். அதுக்கு மேல கையிருப்பா ஒரு மீட்டர். கொக்கி மாட்டுற இடத்துக்கு கீழ 5 மீட்டருக்கு மேல காலி இடம் வேணும். மூணு மீட்டர்லேர்ந்து விழுந்தா ஹார்னஸ் உன்ன புடிக்கிறதுக்கு முன்னாடியே தரை புடிச்சுடும். அந்த உயரத்துக்கு ஓரத்துல தடுப்புக் கம்பிதான் வேணும், அதுவும் மெயின் கம்பெனி போட வேண்டியது.

8 பிப்ரவரி, மதியம் 3.15

"கொடுத்தாலும் எங்க போடுறானுங்க, தலைக்கு மேல தொங்கவிட்டுட்டு சிகரெட் புடிக்கிறானுங்க"ன்னு ஒரு சூப்பர்வைசர் அண்ணன் கோபமா எழுதியிருக்கார். உண்மைதான், நானே பாத்திருக்கேன். ஆனா ஏன் போடலன்னு யாரும் கேக்குறதில்ல.

காதடைப்பான எடுத்துக்கங்க, அந்த மஞ்சள் பஞ்சு. கை நிறைய கொடுப்போம், எல்லாரும் மாட்டியிருப்பான், பாதி வெளிய துருத்திக்கிட்டு நிக்கும். அப்படி மாட்டினா தோட்டுக்கு பதிலா காதுல வெச்ச மாதிரிதான். நல்லா உருட்டி ஒல்லியாக்கணும், இன்னொரு கைய தலைக்கு பின்னால கொண்டு வந்து காத மேலயும் பின்னாலயும் இழுக்கணும், உள்ள விட்டு அரை நிமிஷம் விரலால புடிச்சிருக்கணும், அது விரிஞ்சு அடைக்கிற வரைக்கும். இத எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கல, 12 வருஷமா பொட்டி பொட்டியா கொடுத்தேன், ஒரு கோர்ஸ்ல உக்காந்தப்பதான் எனக்கே தெரிஞ்சுது. 2019 ஜூன்லேர்ந்து சத்தத்துக்கு எல்லை நாள் சராசரி 85 டெசிபல், அதுக்கு முன்ன 90. 5தான கூடுதுன்னு நெனைக்காதீங்க, 3 டெசிபல் ஏறினாலே சத்தத்தோட சக்தி ரெண்டு மடங்கு. எல்லைய தாண்டினா காது டெஸ்ட் கம்பெனி செலவுல எடுக்கணும். ஸ்டாம்பிங் லைன்ல நிக்கிற தங்கச்சி, உனக்கு எடுத்தாங்களா?

இன்னொண்ணு, போடக்கூடாத இடத்துல போடுறதும் உண்டு. டிரில்லிங் மிஷின்ல பஞ்சு கையுறை போட்டு வேலை செஞ்ச ஒரு அண்ணன், "பிபிஇ (பாதுகாப்பு சாமான்) கட்டாயம்"னு போர்டு இருந்துச்சு, போட்டார். நூல் ஒண்ணு பிரிஞ்சு சுத்துற பிட்டுல சிக்குச்சு. அவ்வளவுதான் எழுத முடியும் என்னால. ரெண்டு விரல். சுத்துற மிஷின்ல கையுறை கூடாதுன்னு யாரும் அந்த போர்டுல எழுதல. கையுறை கொடுத்தது நான்.

8 பிப்ரவரி, மாலை 6.40

மேல எழுதினது கொஞ்சம் கனமா போச்சு. தின்னர், அசிட்டோன் தொடுறவங்களுக்கு ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். அந்த நீல நைட்ரைல் கையுறை எண்ணெய்க்கு நல்லா தாங்கும், அசிட்டோனுக்கு தாங்காது, கொஞ்ச நேரத்துல உப்பி ஊறிடும். தூசி மாஸ்க் போட்டுக்கிட்டு தின்னர் அடிச்சா தூசிதான் நிக்கும், ஆவி நேரா உள்ள போகும். மூக்குல வாடை அடிச்சுக்கிட்டே இருந்தா மாஸ்க் அந்த வேலைக்கு இல்லைன்னு அர்த்தம். கெமிக்கல் கூட வர்ற எஸ்டிஎஸ், அதாவது பாதுகாப்பு விவரத் தாள்ல எட்டாவது பகுதிய பாருங்க, என்ன மாதிரி கையுறை, என்ன மாதிரி மாஸ்க்னு இருக்கும். கேட்டா காட்டணும், காட்டலன்னா ஏன்னு கேளுங்க.

12 பிப்ரவரி, காலை 11.00

தைப்பூசம் முடிஞ்சு கால் வீங்கிக் கெடக்குது. தண்ணீர்மலை ஏறி இறங்குனது ஒரு பக்கம், ரதம் வர்ற வழியில தேங்காய் உடைக்கிற இடத்துல செருப்பில்லாம நின்னது ஒரு பக்கம். மலை மாதிரி தேங்காய், நாலு பக்கமும் சிரட்டை பறக்குது, நான் என்ன பண்றேன், பழக்க தோஷம், யாரு கண்ணாடி போட்டிருக்கா யாரு போடலன்னு எண்ணிக்கிட்டு நிக்கிறேன். வீட்டுக்காரி முதுகுல ஒண்ணு வெச்சா, "சாமி பாக்க வந்தியா இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தியா"ன்னு. சுத்தம் பண்ற ஆளுங்க மட்டும் முழங்கால் வரைக்கும் பூட்ஸ் போட்டு சவல்ல அள்ளிக்கிட்டிருந்தாங்க. அந்த பூட்ஸுக்கு யாரு காசு கொடுத்தான்னு கேக்க வாய் வரைக்கும் வந்துச்சு. கேக்கல.

13 பிப்ரவரி, அதிகாலை 2.10

தூக்கம் வரல. 5ஆம் தேதி விட்டத சொல்லிடறேன்.

சூ உதிர்ந்த அந்த நேப்பாளத்து பையன் அன்னிக்கே ஸ்டோருக்கு திரும்பி வந்தான், ரெண்டு கையிலயும் சூவ புடிச்சுக்கிட்டு, வெறுங்கால்ல. எனக்கு அப்ப பாலியூரித்தேனும் தெரியாது ஒண்ணும் தெரியாது. புது சூ அரை மணி நேரத்துல உதிருமா, இவன் தின்னர் ட்ரம்முல கால விட்டிருப்பான்னு நெனச்சேன். எங்க கம்பெனியில அப்ப ஒரு விதி, மொத ஜோடி சும்மா, வருஷத்துக்குள்ள ரெண்டாவது ஜோடி கேட்டா காரணம் எழுதணும், "மிஸ்யூஸ்"னு இருந்தா 80 வெள்ளி வெட்டு. நான் புக்குல மிஸ்யூஸ்னு எழுதினேன். என் கையெழுத்து. அவனுக்கு நம்ம பாஷையும் தெரியாது மலாயும் சரியா வராது, "நோ பாஸ், நோ பாஸ்"னு ரெண்டு தடவை சொன்னான், அப்புறம் கையெழுத்து போட்டுட்டு புது சூவ வாங்கிக்கிட்டு போயிட்டான்.

ரெண்டு மாசத்துல இன்னும் ஏழெட்டு ஜோடி அதே மாதிரி உதிர்ந்துச்சு. அதுல ஒண்ணு லைன் லீடரோடது. அப்பதான் சப்ளையர கூப்பிட்டோம், அப்பதான் விஷயம் தெரிஞ்சுது, பாக்கி சூவ எல்லாம் குப்பையில போட்டோம். லைன் லீடருக்கு யாரும் மிஸ்யூஸ்னு எழுதல. அந்த பையனுக்கு வெட்டின 80 வெள்ளிய திருப்பிக் கொடுக்கணும்னு எனக்கு தோணுச்சு, ஆபீஸ்ல சொல்லணும்னு நெனச்சேன், அந்த மாசக் கணக்கு முடிஞ்சுது, அப்புறம் மறந்துட்டேன். மறந்துட்டேன்னு சொல்றது கூட பொய். சொன்னா என் தப்புன்னு ஆகும், அதனால சொல்லல.

13 பிப்ரவரி, இரவு 8.30

எழுதினத அழிக்கலாமான்னு பாத்தேன், இருக்கட்டும்.

அந்த 80 வெள்ளி விதி வந்ததுக்கு அப்புறம் என்ன நடந்துச்சுன்னு சொல்றேன், அதுதான் எனக்கு பின்னாடி உறைச்சது. விதி வர்றதுக்கு முன்ன மாசத்துக்கு பத்து பதினஞ்சு பேர் சூ மாத்த வருவாங்க. வந்த பிறகு ரெண்டு பேர், சில மாசம் ஒருத்தரும் இல்ல. மேனேஜர் மீட்டிங்குல என்ன பாராட்டினார், ஸ்டோர் செலவு கொறஞ்சிருக்குன்னு. நானும் நெஞ்ச நிமித்திக்கிட்டு உக்காந்திருந்தேன், ஏதோ நான் சூவ நல்ல சூவா மாத்திட்ட மாதிரி. சூ ஒண்ணும் அதிக நாள் உழைக்கல, ஆளுங்க கேக்குறத நிறுத்திட்டாங்க. அடி தேஞ்சு வழுக்குற சூ, முன்பக்க இரும்பு வெளிய தெரியுற சூ, ரப்பர் பசை போட்டு ஒட்டின சூ, ஒருத்தன் மோட்டோ டியூப வெட்டி சுத்திக் கட்டியிருந்தான். எல்லாம் என் கண்ணு முன்னாடிதான் நடமாடுச்சு. அந்த சூ முன்பகுதி 200 ஜூல் இடியத் தாங்கணும்னு தரக்கணக்கு இருக்கு, டியூப் சுத்தின சூவுக்கு அந்தக் கணக்கு எங்க போச்சு?

செக்‌ஷன் 26 ஏன் அப்படி எழுதினாங்கன்னு எனக்கு அப்பதான் புரிஞ்சுது. 80 வெள்ளி பெரிய காசான்னு கேக்குறவங்க இருக்காங்க. சாமானுக்கு விலை வெச்சுட்டா ஆளு கேக்க மாட்டான், கேக்காதவன் கால்ல என்ன இருக்குன்னு கம்பெனிக்கு தெரியாமலே போயிடும், புக்குல மட்டும் எல்லாம் ஒழுங்கா இருக்கும்.

15 பிப்ரவரி, மதியம் 12.20

டெபாசிட் பத்தி மூணு பேர் கேட்டாச்சு. 100 வெள்ளி புடிச்சு வெச்சு, வேலைய விட்டுப் போகும்போது சாமான திருப்பிக் கொடுத்தா காச திருப்பிக் கொடுக்குறாங்களாம். மொதல்ல எனக்கு இது பரவாயில்லன்னு தோணுச்சு, திரும்பி வர்ற காசுதானேன்னு. யோசிச்சுப் பாத்தா இல்ல. ஹெல்மெட்ட திருப்பிக் கொடுக்கலாம், ஒரு வருஷம் வேர்வையில ஊறின சூவ திருப்பிக் கொடுத்து யாருக்கு மாட்டுவாங்க? சாமான் தேயத்தான் செய்யும், தேஞ்சத காட்டி காச வெச்சுக்குவான். பேருதான் டெபாசிட். சட்டத்துல "எந்தக் கட்டணமும்" வாங்கக்கூடாதுன்னுதான் இருக்கு, திருப்பிக் கொடுத்தா பரவாயில்லன்னு ஒரு வரி அந்த செக்‌ஷன்ல இல்ல.

தொலைச்சுட்டா? வித்துட்டா? வித்தவங்களும் உண்டு, பாசார் மாலாமுல, அதாவது ராத்திரி சந்தையில, எங்க கம்பெனி சூவ நானே பாத்திருக்கேன். அதுக்கு கம்பெனி விசாரிக்கட்டும், எச்சரிக்கை லெட்டர் கொடுக்கட்டும், ஒழுங்கு நடவடிக்கைக்கு வழி இருக்கு. சூ இல்லாம நிக்கிறவனுக்கு அன்னிக்கே வேற சூ கொடுத்துட்டு அப்புறம் விசாரிக்கணும். இது என் கருத்து, எங்க எச்ஆர் இன்னும் ஒத்துக்கல.

15 பிப்ரவரி, மதியம் 12.45

ஆங், வீட்டு வேலை செய்யுற அக்கா ஒருத்தவங்க கேட்டது விட்டுப் போச்சு. 2024 ஜூன்லேர்ந்து இந்த சட்டம் கிட்டத்தட்ட எல்லா வேலையிடத்துக்கும் பொருந்துது, கடை, ஆபீஸ் எல்லாம். ஆனா வீட்டு வேலைக்காரங்க இதுல வரல. எழுதவே கஷ்டமாத்தான் இருக்கு, பிளீச்சும் ஆசிட்டும் அவங்க கைலதான் அதிகம் படுது.

20 பிப்ரவரி, இரவு 10.05

பிறை தங்கச்சி திரும்பி வந்து எழுதியிருக்கு. எச்ஆர்ல 26ஐ சொல்லிக் கேட்டுச்சாம், "பாக்குறோம்"னாங்களாம். அதோட சும்மா சொல்ற மாதிரி ஒரு வரி, "சூ லூசா இருக்கு, முன்னால துணி வெச்சு போடறேன், அது பரவாயில்ல."

பரவாயில்ல இல்ல! நீ போடறது என்ன சைஸ், அவங்க கொடுத்தது என்ன சைஸ்?

என் ஸ்டோர்ல 7லேர்ந்து 10 வரைக்கும்தான் வரும், 5ம் 6ம் கேட்டா சப்ளையர் தனி ஆர்டர், மூணு வாரம்பான். லைன்ல முக்காவாசி பொம்பள பிள்ளைங்க. பழைய பேப்பர கசக்கி நானே சொருகிக் கொடுத்திருக்கேன், பெரிய உதவி பண்ற மாதிரி. லூசான சூவுல இரும்புத் தொப்பி விரலுக்கு மேல சரியா நிக்காது, நடக்கும்போது குதிகால் தூக்கும், எண்ணெய் தரையில வழுக்கும். சூ கொடுத்தாச்சுன்னு புக்குல இருக்கும், கால்ல இருக்குறது வேற. கையுறையும் அப்படித்தான், கண்ணாடியும் அப்படித்தான், எல்லாம் ஒரு ஆம்பள கைக்கும் மூஞ்சிக்கும் அளவெடுத்த மாதிரி.

சூ உன் கால பாத்துக்கும். ஸ்டாம்பிங்குல விரல பாத்துக்குறது மிஷின்ல கை உள்ள போகாம தடுக்குற மறைப்பும், ரெண்டு கையாலயும் சேத்து அமுக்குற ரெண்டு பட்டனும். ரெண்டு பட்டன்ல ஒண்ண யாராச்சும் டேப் போட்டு ஒட்டி வெச்சிருந்தா அந்த மிஷின்ல நிக்காத. உடனே ஆபத்துன்னு நியாயமா தோணுச்சுன்னா, சொல்லியும் முதலாளி ஒண்ணும் பண்ணலன்னா, அந்த இடத்த விட்டு விலகிக்க 26ஏல உரிமை இருக்கு, அதுவும் 2024லேர்ந்து வந்ததுதான். அதுக்காக உன்ன தண்டிக்கக்கூடாது. மொதல்ல சொல்லணும், அத மறந்துடாத, சொல்லாம எழுந்து போனா அது வேற கதை ஆயிடும்.

21 பிப்ரவரி, காலை 6.50

சீனியர் அக்கா சொன்ன "பேசாம இரு"வுக்கு நான் பதிலே எழுதல. அவங்க மேல கோபம் இல்ல, பயத்துல சொல்றது. செக்‌ஷன் 27ல பாதுகாப்பு பத்தி புகார் சொன்னதுக்காக மட்டும் ஒருத்தர வேலைய விட்டுத் தூக்கக்கூடாதுன்னு இருக்கு. ஆனா ப்ரொபேஷன்ல இருக்குற ஆள தூக்கணும்னா வேற காரணம் எழுதுவாங்கன்னு எனக்கும் தெரியும், அந்த மாதிரி லெட்டர நானே ஃபைல் பண்ணியிருக்கேன். அதனால தனியா போகாத. வெட்டு வாங்கின நாலு பேர சேத்துக்க, வாயால பேசாம எழுத்துல கேளு. உங்க பேக்டரியில 40 பேர் இருந்தா சேஃப்டி கமிட்டி இருந்தே ஆகணும், தொழிலாளி பக்கத்து ஆளு யாருன்னு கேட்டு அவர் மூலமா கொண்டு போ. கமிட்டி லிஸ்ட் கேண்டீன் போர்டுல மங்கிப் போய் ஒட்டியிருக்கும், பாரு. அதுக்கும் நடக்கலன்னா சம்பள வெட்டுக்கு லேபர் ஆபீஸ், சாமான் விஷயத்துக்கு ஜேகேகேபி, அதாவது வேலையிட பாதுகாப்பு இலாகா. ரெண்டும் வேற வேற ஆபீஸ், ஒண்ணுக்கு போய் இன்னொண்ண கேட்டா அலைய விடுவாங்க.

6 மார்ச், இரவு 9.15

தங்கச்சி பேஸ்லிப் படம் அனுப்பியிருக்கு. 95 வெள்ளி திரும்பி வந்துடுச்சு, "அட்ஜஸ்ட்மெண்ட்"னு பேரு. ஒரு லெட்டர் இல்ல, மன்னிப்பு இல்ல, அட்ஜஸ்ட்மெண்ட். அது கூட சேந்து கேட்ட மூணு பேருக்கும் வந்திருக்கு. கேக்காதவங்களுக்கு வரல, சீனியர் அக்காவுக்கும் வரல. அவங்களுக்கு மொத்தம் மூணு ஜோடிக்கு வெட்டியிருக்காங்களாம், பழைய பேஸ்லிப்ப வீட்ல தேடுறாங்களாம்.

நல்லா தேடச் சொல்லு, பிஸ்கட் டின்னுல, சாமி படத்துக்கு பின்னால எல்லாம் பாக்கச் சொல்லு. எங்கம்மா அங்கதான் வெச்சிருப்பாங்க.

அப்புறம், சைஸ் கேட்டதுக்கு இன்னும் பதில் சொல்லல நீ. உனக்கு 5, கொடுத்தது 7னு அந்தப் படத்துல ஓரமா தெரியுற சூவ வெச்சே நான் கண்டுபிடிச்சுட்டேன், 19 வருஷ ஸ்டோர் கண்ணு. அந்த துணிய எடுத்துப் போட்டுட்டு நாளைக்கு காலையில ஸ்டோருக்குப் போ. மூணு வாரம் ஆகும்பான். ஆகட்டும், ஆர்டர் போட்ட தாள காட்டச் சொல்லு, 5 வந்ததும் இங்க வந்து சொல்லு.